நொதிகலனுக்குள் எத்தனை டிகிரி? வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்குவோருக்கான விளக்கம்

வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்குபவரின் கவனம் முதலில் முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டின் மீதும், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களின் மீதும்தான் செல்லும். எந்த மால்ட்டை எவ்வளவு எடுப்பது, எத்தனை நிமிடம் கொதிக்க விடுவது, ஹாப்ஸை எப்போது சேர்ப்பது என்பதையெல்லாம் செய்முறைக் குறிப்புகள் கிராம் கணக்கிலும் நிமிடக் கணக்கிலும் சொல்லிவிடுகின்றன. நொதித்தல் என்று வரும்போது மட்டும், ‘ஈஸ்ட்டைச் சேர்த்து மூடி, இரண்டு வாரம் குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும்’ என்ற ஒரே வரியோடு அவற்றுள் பல நின்றுவிடுகின்றன. பீரின் மணத்தையும் சுவையையும் தீர்மானிப்பதில் அந்த இரண்டு வாரத்துக்கு, அதிலும் முதல் மூன்று நாட்களுக்கு, பெரும்பங்கு உண்டு. ஆகவே அந்த ஒற்றை வரிக்குள் என்ன நடக்கிறது, அதை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். வீட்டில் பீர் காய்ச்சுவதைச் சட்டம் எல்லா இடங்களிலும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பதால், தொடங்கும் முன் அவரவர் வாழும் இடத்தின் விதிகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

மால்ட்டை வெந்நீரில் ஊற வைத்து வடித்து, ஹாப்ஸோடு கொதிக்க வைத்து ஆற்றிய இனிப்பு நீருக்கு வோர்ட் என்று பெயர். அதில் சேர்க்கப்படும் ஈஸ்ட், சர்க்கரைகளை உண்டு எத்தனாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளிவிடுகிறது என்பது பள்ளிப் பாடத்திலேயே வருவது. அந்தச் சமன்பாட்டில் இடம்பெறாத வேறு பல பொருள்களும் அதே நேரத்தில் மிகச் சிறிய அளவுகளில் உருவாகின்றன. ஒரே வோர்ட்டை இரண்டாகப் பிரித்து, ஒரே ஈஸ்ட்டைச் சேர்த்து, ஒன்றை 18 டிகிரி செல்சியஸிலும் மற்றொன்றை 27 டிகிரியிலும் நொதிக்க விட்டால், இரண்டிலும் ஆல்கஹால் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஆனால் குடித்துப் பார்ப்பவர் இரண்டும் ஒரே அடுப்பிலிருந்து இறங்கியவை என்று நம்ப மாட்டார். வேறுபாடு முழுவதும் அந்தத் துணைப்பொருள்களில் இருக்கிறது.

அவற்றுள் முதலில் அறிய வேண்டியவை எஸ்டர்கள். பழ மணம் தருபவை இவையே. ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டர் வாழைப்பழ மணத்தைத் தருகிறது. எத்தில் அசிட்டேட் சிறிதளவில் பழ மணமாகவும், அளவு மீறினால் நகச்சாயம் அகற்றும் திரவத்தின் நெடியாகவும் உணரப்படுகிறது. அடுத்தவை ஃபியூசல் ஆல்கஹால்கள் எனப்படும், எத்தனாலைவிடப் பெரிய மூலக்கூறுகளைக் கொண்ட ஆல்கஹால்கள். இவை மிகுந்தால் பீர் தொண்டையில் சுள்ளென்று எரியும். ஐந்து சதவீத ஆல்கஹால் மட்டுமே உள்ள பீரில்கூடச் சாராயத்தின் காட்டம் தெரியும். வெப்பநிலை கூடும்போது ஈஸ்ட் வேகமாகப் பெருகுகிறது, அமினோ அமிலங்களை வேகமாகக் கையாள்கிறது, அந்த வேகத்தின் உபரியாக இவ்விரு வகைப் பொருள்களும் கூடுகின்றன. இதில் தொடங்குபவர் நினைவில் வைக்க வேண்டியது, ஃபியூசல் ஆல்கஹால் ஒருமுறை உருவாகிவிட்டால் ஈஸ்ட் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான். மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் அந்த எரிச்சல் முழுவதுமாகப் போகாது.

குளிர்ச்சி கூடிப்போனாலும் தொல்லை உண்டு, ஆனால் அது வேறு வகையானது. ஈஸ்ட் சோர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, சர்க்கரை தீரும் முன்பே அடியில் படிந்துவிடும். பீர் இனிப்பாகவும் கனமாகவும் நின்றுவிடும். பச்சை ஆப்பிளின் மணம் கொண்ட அசிட்டால்டிஹைடும், வெண்ணெய் மணம் கொண்ட டைஅசிட்டைலும் நொதித்தலின் நடுவில் இயல்பாக உருவாகி, இறுதிக் கட்டத்தில் ஈஸ்ட்டாலேயே அகற்றப்படுபவை. ஈஸ்ட் பாதியில் உறங்கிவிட்டால் அகற்றுவதற்கு ஆளில்லை.

இந்த இரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட சரியான நிலை ஈஸ்ட்டின் வகையைப் பொறுத்து மாறுகிறது. ஏல் வகைப் பீருக்கான ஈஸ்ட்டுகளில் பெரும்பாலானவை 18 முதல் 22 டிகிரி வரையில் நன்றாக வேலை செய்கின்றன. குளிரில் நொதிக்கும் லாகர் வகைப் பீரின் ஈஸ்ட்டுகளுக்கு 8 முதல் 13 டிகிரி வரை உகந்தது. ஜெர்மானியக் கோதுமைப் பீரில் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் சேர்ந்தே எதிர்பார்க்கப்படுவதால், 17 டிகிரியை ஒட்டி வைத்தால் கிராம்பு தூக்கலாகவும், 22-ஐ ஒட்டி வைத்தால் வாழைப்பழம் தூக்கலாகவும் அமையும் என்பது காய்ச்சுவோரிடையே பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதல். பெல்ஜியத்தின் சேசான் வகை ஈஸ்ட்டுகளில் சில 30 டிகிரிக்கு மேல் போனால்தான் வேலையை முடிக்கும். குறைவான வெப்பத்தில் பாதி வழியில் நின்றுவிடுவதற்கு அவை பேர்போனவை. நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகப் பேணப்பட்டு வந்த குவைக் ஈஸ்ட் 30 முதல் 40 டிகிரி வரையிலும்கூடத் தூய்மையான பீரைத் தருகிறது. ஆக, ‘பீருக்கு எது சரியான வெப்பநிலை’ என்ற கேள்விக்கு ஈஸ்ட்டின் பெயரைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. பொட்டலத்தின் மீது அச்சிடப்பட்டிருக்கும் எல்லைகளே முதல் வழிகாட்டி. புதியவர் அந்த எல்லையின் கீழ்ப்பாதியில் நிற்பதே நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் தவறு நேர்ந்தால் அது மேல்நோக்கித்தான் நேரும். அதற்கான காரணத்தை அடுத்துக் காண்போம்.

ஈஸ்ட் உண்டாக்கும் வெப்பம்

பொட்டலத்தில் அச்சிட்ட எண், வோர்ட்டின் வெப்பநிலையைக் குறிக்கிறது. அறையில் தொங்கும் வெப்பமானி காட்டுவது காற்றின் வெப்பநிலையை. இரண்டும் ஒன்றென்று எண்ணுவதிலிருந்துதான் தொடக்கக் காலத்தின் பெரும்பாலான குழப்பங்கள் பிறக்கின்றன. நொதித்தல் வெப்பத்தை வெளிவிடும் வினை. ஒரு கிலோ சர்க்கரை நொதிக்கும்போது ஏறத்தாழ 580 கிலோஜூல் வெப்பம் வெளியாகிறது. தொடக்க அடர்த்தி (நீரோடு ஒப்பிட்டு, கரைந்துள்ள சர்க்கரையைக் காட்டும் அளவு) 1.050 உள்ள 20 லிட்டர் வோர்ட்டில் உண்மையில் நொதிக்கக்கூடிய பகுதி சுமார் 1.6 கிலோ என்று கொண்டால், மொத்தம் 900 கிலோஜூலுக்கும் மேல் வெளியாகும். 20 லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 84 கிலோஜூல் போதும். அந்த வெப்பத்தில் சிறிதும் வெளியேறாமல் நொதிகலனுக்குள்ளேயே அடைபட்டுப் போனால், வோர்ட்டின் வெப்பநிலை 11 டிகிரி வரை ஏறியிருக்கும்.

நடைமுறையில் கலத்தின் சுவர் வழியே வெப்பம் வெளியேறிக்கொண்டே இருப்பதால் அவ்வளவு ஏறுவதில்லை. இருந்தாலும் 20 லிட்டர் கலத்தில், நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது, அறையைவிட 3 முதல் 5 டிகிரி கூடுதலாக இருப்பது சாதாரணம். அறை 22 டிகிரியில் இருக்கிறது, ஆகவே ஈஸ்ட்டின் எல்லைக்குள்தான் இருக்கிறோம் என்று ஒருவர் நிம்மதியாக இருக்கும்போது, உள்ளே வோர்ட் 26-ஐத் தாண்டியிருக்கக்கூடும். கலம் பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளியும் கூடும். கொள்ளளவு கூடும் வேகத்தில் சுவரின் பரப்பு கூடுவதில்லை. ஐந்து லிட்டர் குடுவையில் சிக்கலின்றி வந்த பீர், அதே அறையில் நாற்பது லிட்டராகக் காய்ச்சும்போது மாறிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வெப்பம் எல்லா நாளும் ஒரே அளவில் வெளியாவதில்லை. ஈஸ்ட்டைச் சேர்த்தபின் 6 முதல் 24 மணி நேரம் வரை வெளியே எதுவும் தெரியாது. ஈஸ்ட் வோர்ட்டில் கரைந்துள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, செல்சவ்வை வலுப்படுத்திப் பெருகத் தயாராகிக்கொண்டிருக்கும். பிறகு நுரை எழும்பி, ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத நீரடைப்பில்) குமிழிகள் விரைந்து வெளியேறும் இரண்டாம், மூன்றாம் நாட்களில் வெப்பம் உச்சத்தைத் தொடும். நான்காம் நாளை ஒட்டி வேகம் குறையும்; கலம் மெல்ல அறையின் வெப்பநிலைக்கே இறங்கிவிடும்.

இந்த ஏற்ற இறக்கத்தை ஈஸ்ட்டின் வேலையோடு பொருத்திப் பார்த்தால் ஒரு முரண் புலப்படும். எஸ்டர்களும் ஃபியூசல் ஆல்கஹால்களும் பெரும்பாலும் ஈஸ்ட் பெருகும் முதல் மூன்று நாட்களில் உருவாகின்றன. அப்போது வோர்ட் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். டைஅசிட்டைலையும் அசிட்டால்டிஹைடையும் ஈஸ்ட் அகற்றும் பணி கடைசி நாட்களில் நடக்கிறது. அப்போது சற்று வெதுவெதுப்பு வேண்டும். கலத்தைக் கவனிக்காமல் அறையில் விட்டுவிட்டால் இயற்கை இதற்கு நேர் எதிராகச் செயல்படுகிறது: குளிர்ச்சி தேவைப்படும்போது சூடேற்றுகிறது, சூடு தேவைப்படும்போது குளிர்வித்துவிடுகிறது. வெப்பநிலை மேலாண்மை என்று பெரிய பெயரில் சொல்லப்படுவதெல்லாம் இந்த வளைகோட்டைத் திருப்பிப் போடும் வேலைதான். தொடக்கத்தில் தாழ்வாக வைத்து, முதல் மூன்று நாட்கள் ஏற விடாமல் பிடித்து, வேகம் தணியத் தொடங்கும்போது இரண்டு மூன்று டிகிரி ஏற விட வேண்டும். இதைப் புரிந்துகொண்டவர் எந்தக் கருவியும் இல்லாமலேயே பாதிப் பயனைப் பெற்றுவிடுவார்.

ஈஸ்ட்டைச் சேர்க்கும் நேரம்

செலவே இல்லாத திருத்தம் இங்கே இருக்கிறது. கொதித்த வோர்ட்டை ஆற்றும்போது, பொறுமை தீர்ந்து 28 அல்லது 30 டிகிரியிலேயே ஈஸ்ட்டைத் தூவிவிட்டு, ‘இரவில் தானாக ஆறிவிடும்’ என்று விட்டுவிடுவது பரவலான பழக்கம். 20 லிட்டர் நீர் அவ்வளவு விரைவில் ஆறுவதில்லை. அது ஆறத் தொடங்கும் முன் ஈஸ்ட் பெருகத் தொடங்கிவிடும், அதன் வெப்பமும் சேர்ந்துகொள்ளும். நோக்கம் 19 டிகிரியில் நொதிக்க வைப்பதென்றால், வோர்ட் 17 அல்லது 18 டிகிரிக்கு இறங்கிய பிறகே ஈஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். பின்னர் ஈஸ்ட் தன் வெப்பத்தாலேயே அதை 19-க்குக் கொண்டுவந்துவிடும். குழாய்நீர் அவ்வளவு குளிர்ச்சியாக இல்லாத பருவத்தில், கிருமிநீக்கம் செய்த கலத்தில் வோர்ட்டை நிரப்பி இறுக மூடி, சில மணி நேரம் குளிர்விப்பில் வைத்துவிட்டுப் பிறகு ஈஸ்ட்டைச் சேர்ப்பதில் பிழையில்லை. தூய்மையில் குறை வைக்காதவரை அந்தக் காத்திருப்பால் வோர்ட் கெடாது.

உலர் ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்துச் சேர்ப்பவர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஊறிய ஈஸ்ட்டுக்கும் வோர்ட்டுக்கும் இடையே 10 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால், திடீர்க் குளிரில் செல்களில் ஒரு பகுதி சோர்ந்துவிடும். சிறிது சிறிதாக வோர்ட்டை அந்தக் கிண்ணத்தில் கலந்து, வேறுபாட்டைக் குறைத்த பிறகு ஊற்றலாம்.

குளிர்விக்கும் வழிகள்

முதலில் இடம். வெயில் படும் சுவரை ஒட்டிய அறை, சமையலறை, மேல்தளம் ஆகியவை வேண்டாம்; வீட்டின் உட்புறத்தில், தரையில், வெளிச்சம் குறைந்த மூலையே சிறந்தது. சராசரி வெப்பநிலையைப் போலவே, பகலுக்கும் இரவுக்கும் இடையிலான ஊசலாட்டமும் முக்கியம். பகலில் 24, இரவில் 17 என்று மாறிக்கொண்டிருப்பதைவிட, நிலையாக 21-இல் இருப்பது ஈஸ்ட்டுக்கு உகந்தது.

ஊசலாட்டத்தைக் குறைக்க எளிய வழி, நொதிகலனை ஒரு பெரிய தொட்டியில் நிறுத்தி, வோர்ட்டின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை நீர் ஊற்றுவது. நீர் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறும் பொருள் என்பதால், 20 லிட்டர் வோர்ட்டைச் சுற்றி இன்னொரு 20 லிட்டர் நீர் நிற்கும்போது அறையின் ஏற்ற இறக்கங்கள் மட்டுப்பட்டே உள்ளே போய்ச் சேரும். தவிரவும், கலத்திலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்வதில் காற்றைவிட நீர் பன்மடங்கு திறன் வாய்ந்தது. இதில் உறைய வைத்த நீர்ப் புட்டிகளைப் போட்டால் குளிர்விப்பும் கிடைத்துவிடும். எவ்வளவு பனிக்கட்டி தேவை என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. கணக்குப் போட்டே அறியலாம். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். வோர்ட்டும் தொட்டிநீரும் சேர்ந்து 40 லிட்டர் இருந்தால், அதை ஒரு டிகிரி குறைக்க 168 கிலோஜூல் தேவை. ஆகவே ஒரு லிட்டர் பனிப் புட்டி ஒன்று, ஏறத்தாழ இரண்டு டிகிரியைக் குறைக்கும். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று மாற்றிக்கொண்டே இருந்தால், அதிகம் சூடில்லாத பருவங்களில் உச்ச நாட்களைக் கடந்துவிடலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டு மறந்துபோவது கூடாது; வோர்ட் திடீரென்று ஐந்தாறு டிகிரி இறங்கினால் ஈஸ்ட் படிந்துவிடும். தொட்டிநீரில் சில நாட்களில் பாசியும் பூஞ்சையும் பிடிக்கும் என்பதால், சிறிது கிருமிநாசினியைக் கலந்து வைப்பது நல்லது.

தொட்டி இல்லாத நிலையில், கலத்தின் மீது பருத்தித் துணியைச் சுற்றி, அதன் நுனியை ஆழமில்லாத தட்டிலுள்ள நீரில் தோய்த்து, மின்விசிறியின் காற்று படும்படி வைக்கலாம். மண்பானை நீர் குளிரும் அதே தத்துவம்தான் இது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,450 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பனிக்கட்டி உருகுவதைப் போல ஏழு மடங்கு. காற்று வறண்டிருக்கும்போது அறையைவிடச் சில டிகிரி குறைவாக வோர்ட்டைப் பிடித்து வைக்க இது போதும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் நீர் ஆவியாகாது, இந்த முறை பெயரளவுக்குத்தான் உதவும். கண்ணாடிக் கலம் வைத்திருப்பவர்களுக்குத் துணியால் மற்றொரு நன்மையும் உண்டு: வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து வரும் துர்நாற்றத்தை அது தடுக்கும்.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தவர்களுக்கு, நொதிகலன் நிற்கக்கூடிய அளவுள்ள பழைய ஃபிரிட்ஜும் வெளியிலிருந்து பொருத்தும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் போதும். ஃபிரிட்ஜ் உணவுக்காக வடிவமைக்கப்பட்டதால் அதன் சொந்தத் தெர்மோஸ்டாட்டை 18 டிகிரிக்கு வைக்க முடியாது. வெளிக்கருவி தன் உணரியின் வழியே வெப்பநிலையைப் பார்த்து, தேவையானபோது ஃபிரிட்ஜுக்கான மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் அந்த வேலையைச் செய்கிறது. ஃபிரிட்ஜின் உள்ளே எந்தக் கம்பியையும் வெட்டவோ துளையிடவோ தேவையில்லை. குளிர்வாயு செல்லும் குழாய்கள் சுவருக்குள் எங்கே ஓடுகின்றன என்று தெரியாமல் துளையிட்டு ஃபிரிட்ஜையே இழந்தவர்கள் உண்டு.

இக்கருவியில் அமைக்க வேண்டியவை மூன்று. முதலாவது இலக்கு வெப்பநிலை. இரண்டாவது, இலக்கிலிருந்து எவ்வளவு விலகினால் இயங்க வேண்டும் என்ற இடைவெளி, அதை 0.5 முதல் 1 டிகிரி வரை வைக்கலாம், அதைவிட நெருக்கமாக வைத்தால் ஃபிரிட்ஜ் ஓயாமல் இயங்கி நின்று கொண்டிருக்கும். மூன்றாவது, ஒருமுறை நின்ற கம்ப்ரஸர் மீண்டும் இயங்கும் முன் காத்திருக்க வேண்டிய நேரம். மூன்று முதல் ஐந்து நிமிடம் கொடுத்தால் கம்ப்ரஸரின் ஆயுள் நீளும். குளிர்காலத்திலும் காய்ச்சுபவர்கள், கருவியின் இரண்டாவது இணைப்பில் கலத்தைச் சுற்றும் வெப்பப் பட்டையை மாட்டிவிட்டால், ஒரே அமைப்பு இரு பக்கமும் காவல் நிற்கும்.

உணரியை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஃபிரிட்ஜின் உள்ளே காற்றில் தொங்க விட்டால், கருவி காற்றை 18-இல் நிறுத்திவிட்டுத் திருப்தியடைந்துவிடும். வோர்ட்டோ ஈஸ்ட்டின் வெப்பத்தால் 21-இல் இருக்கும். உணரியைக் கலத்தின் வெளிச்சுவரில், உள்ளே வோர்ட் நிற்கும் மட்டத்துக்கு நடுவாக ஒட்டி, அதன் மீது தடித்த ஸ்பாஞ்சு அல்லது குமிழித்தாளை வைத்து இறுக்கிக் கட்டினால், அது காற்றை மறந்து சுவரை மட்டும் உணரும். இப்படிக் கிடைக்கும் அளவு வோர்ட்டின் நடுப்பகுதியோடு பெரிதாக மாறுபடுவதில்லை, ஏனெனில் நொதித்தலின் குமிழிகளே வோர்ட்டைக் கலக்கிக்கொண்டிருக்கின்றன. கலத்தில் ஒட்டும் நிறம் மாறும் வெப்பப் பட்டியும் ஒரு டிகிரி முன்னே பின்னே காட்டினாலும் போதுமானதே. எந்த வெப்பமானியானாலும், பொடித்த பனிக்கட்டியும் சிறிது நீரும் கலந்த கோப்பையில் வைத்து அது சுழியத்தைக் காட்டுகிறதா என்று முதலிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும்.

மூடிய இடத்தில் நொதிக்க வைப்பவர்கள் வாயுவைப் பற்றியும் நினைக்க வேண்டும். முன்பு சொன்ன 20 லிட்டர் வோர்ட் மொத்தத்தில் சுமார் 400 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும். அது வெளியேற வழியின்றிக் கலத்தை முற்றாக அடைப்பது ஆபத்து. வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் மேல்மூடியுள்ள பெட்டி ஃபிரீசருக்குள் தேங்கி நிற்கும். மூடியைத் திறந்தவுடன் தலையை உள்ளே நீட்டாமல், சிறிது நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். அறையிலும் காற்றோட்டம் தேவை.

இவை எதற்கும் வசதியில்லை, அறையோ 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை என்ற நிலையில் இருப்பவர், வெப்பத்தோடு போராடுவதைவிட ஈஸ்ட்டை மாற்றிக்கொள்வதே அறிவுடைமை. அங்கே குவைக்கும் சேசானும் நல்ல பீரைத் தரும். லாகர் ஈஸ்ட் தராது.

லாகரும் டைஅசிட்டைலும்

லாகர் ஈஸ்ட்டின் குளிர் நாட்டம் தற்செயலானது அல்ல. ஏல் ஈஸ்ட்டும், குளிரைத் தாங்கும் காட்டு ஈஸ்ட் ஒன்றும் கலந்து பிறந்த கலப்பினம் அது. அந்தக் காட்டு ஈஸ்ட் தென் அமெரிக்காவின் படகோனியாப் பகுதியில் கண்டறியப்பட்ட செய்தி 2011-இல் வெளியானது. பவேரியாவில் 1553-ஆம் ஆண்டின் ஆணையொன்று ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சுவதைத் தடை செய்தது. கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப்போனதற்கு ஈஸ்ட்டும் நுண்ணுயிர்களும் காரணம் என்று அன்று எவருக்கும் தெரியாது. குளிரில் காய்ச்சினால் நன்றாக வருகிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது. குளிர்காலத்தில் மட்டும் பீர் காய்ச்சும் அந்த வழக்கம் குளிரை விரும்பும் ஈஸ்ட்டுக்குச் சாதகமாக அமைந்தது. 1870-களில் கார்ல் வான் லிண்டே ம்யூனிக்கின் ஸ்பாட்டன் ஆலைக்காகக் குளிர்விக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். 1883-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய லாகர் ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். இவ்விரண்டுக்கும் பிறகுதான் லாகர் பருவங்களின் பிடியிலிருந்து விடுபட்டது. வீட்டில் லாகர் காய்ச்ச ஃபிரிட்ஜ் ஏறத்தாழக் கட்டாயம் என்று சொல்வதற்கும் அடிப்படை இதுவே.

லாகரில் முதன்மையான சிக்கல் டைஅசிட்டைல். ஈஸ்ட் வெளிவிடும் ஆல்ஃபா அசிட்டோலாக்டேட் என்ற பொருள் வோர்ட்டில் தானாகவே டைஅசிட்டைலாக மாறுகிறது. பின்பு ஈஸ்ட் அதை உள்ளே இழுத்து மணமற்ற பொருளாக மாற்றுகிறது. முதல் மாற்றம் குளிரில் மிக மெதுவாக நடக்கும். 10 டிகிரியிலேயே நொதித்தலை முடித்து நேராகக் குளிர்பதனத்துக்குக் கொண்டுபோனால், மூலப்பொருள் அப்படியே எஞ்சி நின்று, புட்டியில் அடைத்த பிறகு வெண்ணெய் மணமாக வெளிப்படும். ஆகவே சர்க்கரையில் முக்கால் பங்கு தீர்ந்த நிலையில், ஈஸ்ட் இன்னும் சுறுசுறுப்பாக இருக்கும்போதே, வெப்பநிலையை 16 முதல் 18 டிகிரிக்கு உயர்த்தி இரண்டு மூன்று நாட்கள் வைத்திருப்பார்கள். எஸ்டர்கள் உருவாகும் கட்டம் அதற்குள் கடந்துவிட்டதால், இந்தச் சூட்டால் பழ மணம் ஏறிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

வேலை முடிந்ததா என்பதை நாள்களை எண்ணி முடிவு செய்வதைவிடச் சோதித்துப் பார்ப்பது மேல். இரண்டு சிறு கண்ணாடிக் குவளைகளில் பீரை எடுத்து, இரண்டையும் மூடி, ஒன்றை மட்டும் 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் நிறுத்தி, ஆற்றிவிட்டு முகர்ந்து பார்க்க வேண்டும். சூடாக்கியதில் வெண்ணெய் மணம் வந்து மற்றதில் வராவிட்டால், மூலப்பொருள் எஞ்சியிருக்கிறது, இன்னும் காத்திருக்க வேண்டும். இரண்டிலும் வந்தால் டைஅசிட்டைலே எஞ்சியிருக்கிறது. இரண்டிலும் இல்லையென்றால் குளிர்விக்கலாம். ஏல் வகைக்கும் இதே சோதனை பொருந்தும், ஆனால் கடைசி நாட்களில் 21 அல்லது 22 டிகிரி வரை ஏற விட்ட ஏலில் இந்தத் தொல்லை அரிதாகவே வரும்.

நொதித்தல் நடுவழியில் நின்றுவிட்டதாகத் தோன்றினால், புது ஈஸ்ட்டைத் தேடும் முன் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். ஏர்லாக்கில் குமிழி நின்றதை வைத்து முடிவு செய்வதில் பயனில்லை. அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் இரண்டு மூன்று நாட்களாக ஒரே அளவு காட்டுகிறதா, அந்த அளவு எதிர்பார்த்ததைவிட மிகுதியா என்பதே அளவுகோல். அப்படியிருந்தால் இரண்டு மூன்று டிகிரி சூடாக்கி, கலத்தை நுரைக்காதபடி மெல்லச் சுழற்றி, படிந்த ஈஸ்ட்டைக் கிளப்பிவிட்டாலே பெரும்பாலும் மீண்டும் தொடங்கிவிடும்.

நொதித்தல் முடிந்த பிறகு பீரைத் தெளிய வைக்க, சிலர் கலத்தை இரண்டு முதல் நான்கு டிகிரி வரை குளிர்வித்து ஓரிரு நாட்கள் வைப்பார்கள். குளிரும்போது உள்ளிருக்கும் வாயு சுருங்கும், பீரும் சிறிது வாயுவைக் கரைத்துக்கொள்ளும். அதனால் ஏர்லாக்கில் உள்ள நீர் உள்ளே உறிஞ்சப்படலாம். அதில் சாதாரண நீருக்குப் பதிலாகக் கொதித்தாறிய நீரோ குடிக்கத் தகுந்த மதுவோ இருந்தால் கவலையில்லை. கூடவே வெளிக்காற்றும் நுழையும் என்பதால், ஆக்சிஜனால் எளிதில் கெடும் ஹாப்ஸ் மிகுந்த பீருக்கு இந்தப் படியைத் தவிர்த்துவிடலாம்.

புட்டியில் அடைக்கும்போது பீருக்கு நுரை தரும் வாயுவுக்காகச் சேர்க்கும் சர்க்கரையின் அளவைக் கணக்கிடவும் வெப்பநிலை தேவைப்படுகிறது. நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே கொஞ்சம் வாயு கரைந்திருக்கும். 20 டிகிரியில் இருந்த பீரில் அது பீரின் கன அளவைப் போல சுமார் 0.85 மடங்கு. இதற்கான அட்டவணைகளில் 4 டிகிரிக்குத் தரப்படும் எண் சுமார் 1.45 மடங்கு. 20 டிகிரியில் நொதித்து முடித்துப் பிறகு 4 டிகிரிக்குக் குளிர்வித்தவர், கணக்கில் எந்த எண்ணை இடுவது? வெளியேறிய வாயு குளிர்வித்ததால் திரும்பி வந்துவிடாது. ஆகவே நொதித்தல் தணிந்த பின் பீர் எட்டிய மிக உயர்ந்த வெப்பநிலையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 20 லிட்டர் பீரில் வாயு 2.4 மடங்கு வேண்டுமென்றால், 20 டிகிரி கணக்கில் ஏறத்தாழ 118 கிராம் சர்க்கரை வரும். 4 டிகிரியைத் தவறாக இட்டால் 72 கிராம்தான் வரும், பீர் நுரையின்றிச் சப்பென்று இருக்கும். 10 டிகிரியில் நொதித்து, டைஅசிட்டைலுக்காக 18-க்கு உயர்த்தி, பின்பு 2 டிகிரியில் தெளிய வைத்த லாகருக்கும் இதே விதிதான்: கணக்கில் இட வேண்டியது 18.